ஆய்வகமும் அரசும் – 19: விடுபட்ட ஒரு வரி

2021 ஜனவரி 14, வியாழக்கிழமை. டொனால்ட் டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலம் முடிய இன்னும் ஆறு நாட்கள்தான். பாஸ்டன் நகரை ஒட்டிய கேம்பிரிட்ஜில், காலையிலேயே ஒரு பேராசிரியரின் வீட்டுக்கு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்தார்கள். அவர் பெயர் காங் சென். சீனாவில் பிறந்து அமெரிக்கக் குடிமகனானவர். எம்.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். ஒரு பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பாய்கிறது என்பதை நுண்ணளவில் ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கியவர். அன்று அவரைக் கைது செய்து கூட்டிப் போனார்கள்.

அவர் மீது உளவுக் குற்றச்சாட்டு இல்லை. ஆயுத ரகசியம் எதையும் விற்றார் என்றும் யாரும் சொல்லவில்லை. எரிசக்தித் துறையிடம் ஆய்வு நிதி கேட்டு 2017இல் கொடுத்த விண்ணப்பத்தில், சீனாவுடன் தனக்கிருந்த சில தொடர்புகளை எழுதாமல் விட்டார் என்பதே வழக்கின் மையம். வெளிநாட்டு வங்கிக் கணக்கு ஒன்றைத் தெரிவிக்கவில்லை என்பதும் கூடவே சேர்ந்தது.

அதே ஜனவரி 14 அன்று வாஷிங்டனில் அதிபரின் தேசியப் பாதுகாப்புக் குறிப்பாணை எண் 33 வெளியானது. அரசுப் பணத்தில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தினர் தங்கள் வெளிநாட்டுத் தொடர்புகளில் எவற்றையெல்லாம் தெரிவிக்க வேண்டும், எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று எல்லாத் துறைகளும் ஒரே சீராக விதி வகுக்கும்படி அது உத்தரவிட்டது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை எழுத வேண்டும் என்பதைத் தெளிவாக்கச் சொல்லும் ஆணையும், எழுதவில்லை என்பதற்கான கைதும் ஒரே நாளில் நடந்திருக்கின்றன. இந்த வாரக் கதை முழுவதும் இந்த முரணுக்குள்தான் இருக்கிறது.

இரண்டு பெட்டிகள், நடுவே ஒரு தாள்

சென்ற வாரம் 1985 செப்டம்பர் 21இல் நிறுத்தியிருந்தோம். அன்று ரீகன் அரசு வெளியிட்ட 189ஆம் எண் ஆணை, பல்கலைக்கழக ஆய்வை இரண்டு பெட்டிகளாகப் பிரித்தது. நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தான ஆய்வு என்றால் ரகசியம் என்று முத்திரை குத்தி உள்ளே வை. முத்திரை குத்தவில்லையென்றால் முடிந்தவரை தடையின்றித் திறந்துவிடு. பனிப்போரின் உச்சத்தில், சோவியத் யூனியனை எதிரே வைத்துக்கொண்டு எடுத்த முடிவு இது. திறந்த ஆய்வால் எதிரிக்குக் கிடைப்பதைவிட நமக்குக் கிடைப்பது அதிகம் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்த ஏற்பாடு நின்றது. அதை அசைத்தது விஞ்ஞானிகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு தாள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதை 'நடப்பு, நிலுவை நிதியாதரவு' என்ற பெயரில் கேட்கும். மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் தேசிய நலவாழ்வு நிறுவனமான என்.ஐ.எச்., 'பிற ஆதரவு' என்று கேட்கும். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் இந்தத் தாளில் கேட்பவை எளியவை: வேறு எந்தத் திட்டங்களில் இருக்கிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், தொகை எவ்வளவு, எப்போது முடிகிறது, ஆண்டுக்கு எத்தனை மாத உழைப்பை அதற்குக் கொடுக்கிறீர்கள்?

இந்தக் கேள்விகள் பிறந்தது உளவாளிகளைப் பிடிப்பதற்காக அல்ல. ஒரே காணியை இரண்டு பேருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது என்பதுதான் அடிப்படை. ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தான். ஒரு பேராசிரியர் மூன்று இடத்தில் ஆறாறு மாத உழைப்பைத் தருவதாக எழுதிக்கொடுத்தால், யாரோ ஒருவர் ஏமாறுகிறார். மக்கள் வரிப்பணத்தைத் தருபவர் இதைக் கேட்பது முழு நியாயம்.

ஆனால் நடைமுறையில் இந்தத் தாள் மெத்தனமாகவே நிரம்பியது. கோடை விடுமுறையில் பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ ஒரு மாதம் பாடம் நடத்தப் போவதும், அங்கே 'கௌரவப் பேராசிரியர்' என்ற பட்டம் பெறுவதும் நம் ஊரில் பொன்னாடை போர்த்துவது போன்ற மரியாதையாகவே கருதப்பட்டன. 1979இல் கையெழுத்தான அமெரிக்க–சீன அறிவியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு பல்கலைக்கழகங்களே இத்தகைய உறவுகளை ஊக்குவித்தன, விழா எடுத்தன, செய்திக்குறிப்பு வெளியிட்டன. இதையெல்லாம் நிதித் தாளில் எழுத வேண்டுமா என்று கேட்டால், அலுவலகத்துக்கு அலுவலகம் பதில் மாறியது.

கவலை பொய்யல்ல

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2008இல் சீனா 'ஆயிரம் திறனாளர்கள்' திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாடுகளில் சாதித்த விஞ்ஞானிகளை ஊதியமும் ஆய்வகமும் கொடுத்துத் தன் பக்கம் அழைப்பதே நோக்கம். தன் பிள்ளைகளைத் திரும்ப அழைக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. சிக்கல், முழுநேரமாகத் திரும்பாமல் இரண்டு இடத்திலும் கால் வைத்தவர்களின் ஒப்பந்தங்களில் இருந்தது. அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2019 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2017க்குள் சுமார் 7,000 பேர் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டதாகச் சொன்னது. சில ஒப்பந்தங்கள், கண்டுபிடிப்பின் உரிமை சீன நிறுவனத்துக்கே என்றன. உடன்பாட்டை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் சிலவற்றில் இருந்தது. ஒருவரிடம் சொல்லாதே என்று கையெழுத்து வாங்குகிறார்கள், இன்னொருவர் சொல் என்று படிவம் நீட்டுகிறார். இந்த நிலையில் இருந்தவர் இரண்டில் ஒருவரை ஏமாற்றியே ஆக வேண்டும்.

ஹார்வர்டின் வேதியியல் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் லீபரின் வழக்கு இதற்கான உதாரணம். அவர் சீன வம்சாவளியினர் அல்லர். நானோ கம்பிகள் பற்றிய ஆய்வில் முதல் வரிசைக்காரர். 2008 முதல் அமெரிக்க அரசிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு மேல் ஆய்வு நிதி பெற்றவர். வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் அவர் செய்த ஒப்பந்தத்தில் மாதம் 50,000 டாலர் வரை ஊதியம், ஆய்வகம் அமைக்க 15 லட்சம் டாலருக்கு மேல் என்று எழுதியிருந்தது. ஊதியத்தில் ஒரு பகுதி ரொக்கமாக அவர் கைக்கே வந்தது. அதிகாரிகள் நேரில் கேட்டபோது அவர் மறைத்தார். வரிக் கணக்கிலும் காட்டவில்லை. 2021 டிசம்பரில் ஜூரி ஆறு குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்றது. 2023 ஏப்ரலில் ஆறு மாத வீட்டுக்காவலும் 50,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

லீபர் தெரிந்தே பொய் சொன்னார். நேரடியாகக் கேட்டார்கள், இல்லை என்றார். இந்த வழக்கை அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு கடிதமும் ஒரு படையெடுப்பும்

2018 ஆகஸ்ட் 20 அன்று, என்.ஐ.எச். இயக்குநர் ஃபிரான்சிஸ் காலின்ஸ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பினார். உங்கள் ஆய்வாளர்கள் வெளிநாட்டு நிதியை மறைக்கிறார்களா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். இரண்டரை மாதத்தில், நவம்பர் 1 அன்று, அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற நடவடிக்கையை அறிவித்தார். வணிக ரகசியத் திருட்டைப் பிடிப்பதாகச் சொல்லித் தொடங்கிய அந்த நடவடிக்கையின் பார்வை விரைவிலேயே பல்கலைக்கழக வளாகங்கள் மீதும் திரும்பியது.

2019 ஏப்ரலில் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் மூன்று விஞ்ஞானிகளை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தது. அடுத்த மாதம் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம் இருவரை நீக்கியது. அவர்களது ஆய்வகம் மூடப்பட்டது. என்.ஐ.எச். கேட்ட கேள்விகளின் விளைவாக, பின்வந்த ஆண்டுகளில் நாடெங்கும் நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் வேலையை இழந்தனர். இவர்களில் பெரும்பாலோர் எந்த நீதிமன்றப் படியும் ஏறியவர்கள் அல்லர். ஒரு மின்னஞ்சல், ஒரு உள்விசாரணை, பிறகு அறைச் சாவியை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம். அத்துடன் இருபது ஆண்டு உழைப்பு முடிந்தது.

வேறு வழியே இல்லையா? இருந்தது. 1960 முதல் அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லிவரும் 'ஜேசன்' என்ற சுயேச்சையான விஞ்ஞானிகள் குழுவிடம் தேசிய அறிவியல் அறக்கட்டளை கருத்துக் கேட்டது. 2019 டிசம்பரில் குழு தன் அறிக்கையைத் தந்தது. சிக்கல் உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் தெரிவிக்காமல் விடுவதை ஆய்வு நேர்மையை மீறுவதாகக் கருதி, தரவைத் திரிப்பதையும் பிறர் எழுத்தைத் திருடுவதையும் விசாரிப்பது போலவே விசாரியுங்கள் என்றது. 1985 ஆணையைக் கைவிடாதீர்கள் என்றும் சொன்னது. அந்த யோசனை காதில் விழும் முன்பே கைவிலங்குகள் கிளம்பிவிட்டன.

நாக்ஸ்வில்லில் நடந்தது

டென்னசி பல்கலைக்கழகத்தின் நாக்ஸ்வில் வளாகத்தில் ஆன்மிங் ஹூ என்ற பேராசிரியர் இருந்தார். சீனாவில் பிறந்து கனடாவின் குடிமகனானவர். நானோ துகள்களைக் கொண்டு உலோகங்களைப் பற்றவைக்கும் நுட்பம் அவர் துறை. விண்கலங்களுக்குப் பயன்படும் வேலை என்பதால் நாசாவின் பணம் அவருக்கு வந்தது.

2018இல் ஒரு எஃப்.பி.ஐ. அதிகாரியின் கவனம் அவர் மீது விழுந்தது. அதற்கான ஆதாரம், இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு சீன மொழிச் செய்திக்குறிப்பு. அதை கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துவிட்டு, ஹூ சீனாவின் திறனாளர் திட்டத்தில் இருப்பதாக முடிவு கட்டினார்கள். அவரை அமெரிக்காவுக்கு உளவு சொல்லும்படி கேட்டுப் பார்த்தார்கள், அவர் மறுத்தார். ஏறக்குறைய இரண்டாண்டு அவரைப் பின்தொடர்ந்தார்கள். அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர் மகனையும் விடவில்லை. விமானத்தில் ஏறத் தடைசெய்யும் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. இவை எல்லாம் பின்னால் நீதிமன்றத்தில், அந்த அதிகாரியின் வாயாலேயே வெளிவந்தன. உளவுக்கான சான்று மட்டும் கிடைக்கவே இல்லை.

2020 பிப்ரவரியில் கைது. மூன்று மோசடிக் குற்றச்சாட்டுகள், மூன்று பொய்க்கூற்றுக் குற்றச்சாட்டுகள். பெய்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தனக்கிருந்த பகுதிநேரப் பணியை மறைத்து நாசாவை ஏமாற்றினார் என்றார்கள்.

இங்கே ஒரு விதியை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 2011இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஃபிராங்க் வுல்ஃப் முயற்சியால் நாசாவின் நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. நாசா பணத்தைக் கொண்டு சீனாவுடனோ சீனாவுக்குச் சொந்தமான நிறுவனத்துடனோ இருதரப்புக் கூட்டுறவு வைக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவருக்கு சீனாவில் பகுதிநேரப் பணி இருந்தால், அவர் 'சீனா' ஆகிவிடுவாரா? ஹூ வேலை பார்த்த பல்கலைக்கழகமே தயாரித்து நாசாவுக்கு அனுப்பிய உறுதிக்கடிதத்தில், இந்தத் தடை தன் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பொருந்தாது என்று எழுதியிருந்தது. அவர் அதை நம்பி நாசா திட்டத்தில் இறங்கினார். கடிதம் எழுதிய நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. கடிதத்தை நம்பியவர் கூண்டில் நின்றார்.

2021 ஜூனில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரசு மறுவிசாரணை கேட்டது. செப்டம்பர் 9 அன்று நீதிபதி தாமஸ் வார்லன் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஹூவை விடுவித்தார். நாசாவை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததற்குச் சான்று இல்லை, கொடுத்த பணத்துக்கான ஆய்வு நாசாவுக்குக் கிடைத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். ஓராண்டுக்கும் மேல் வீட்டுக்காவலில் இருந்த ஹூ, 2022 பிப்ரவரியில் தன் வேலைக்குத் திரும்பினார்.

எம்.ஐ.டி. எழுந்து நின்றது

காங் சென்னுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. அவர் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. சீனாவின் ஷென்ஜென் நகரத்திலுள்ள தென்பகுதி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் 1.9 கோடி டாலர் வாங்கினார் என்று அரசுத் தரப்பு சொன்னது. அது தனிமனிதருக்கு வந்த பணமல்ல, எம்.ஐ.டி. செய்துகொண்ட கூட்டுறவுக்கு வந்த பணம் என்று அதன் தலைவர் ரஃபேல் ரீஃப் வெளிப்படையாக எழுதினார். வழக்குச் செலவையும் எம்.ஐ.டி. ஏற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட சக பேராசிரியர்கள், நாங்கள் எல்லோரும் காங் சென்தான் என்று கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.

எரிசக்தித் துறை அதிகாரிகளை அரசு வழக்கறிஞர்கள் விசாரித்தபோது வழக்கின் தூண் சாய்ந்தது. சென் மறைத்ததாகச் சொன்ன விவரங்களை 2017இல் அந்தத் துறை கேட்கவே இல்லை. எழுதியிருந்தாலும் நிதி கிடைத்திருக்கும். 2022 ஜனவரி 20 அன்று வழக்கு திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கியூபிக் போரான் ஆர்சனைடு என்ற குறைகடத்தி சிலிக்கானைவிடச் சிறந்ததாகலாம் என்று காட்டிய ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. சென் அதன் ஆசிரியர்களில் ஒருவர். ஒரு நாடு சிறையில் தள்ளப் பார்த்த மூளை எது என்பதை இது சொல்லும்.

2022 பிப்ரவரி 23 அன்று நீதித்துறையின் மேத்யூ ஓல்சன் 'சைனா இனிஷியேட்டிவ்' முடிவுக்கு வருவதாக அறிவித்தார். எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் திரட்டிய 77 வழக்குகளில், பொருளாதார உளவுச் சட்டத்தின் கீழ் வந்தவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் சீன வம்சாவளியினர்.

இன்றைய படிவம்

வழக்குகள் ஓய்ந்தன, விதிகள் வளர்ந்தன. குறிப்பாணை 33ஐ நடைமுறைப்படுத்தும் வழிகாட்டுதல் 2022 ஜனவரியில் வந்தது. ஆகஸ்ட் 9 அன்று 'சிப்ஸ் மற்றும் அறிவியல்' சட்டம் கையெழுத்தானது. சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா ஆகிய நாடுகளின் தீய நோக்குள்ள திறனாளர் திட்டங்களில் இருப்பவருக்கு இனி அமெரிக்க ஆய்வு நிதி கிடையாது. ஆண்டுதோறும் உறுதிமொழி தர வேண்டும். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: மாநாட்டுக்குப் போவதும் திறந்த ஆய்வுகளை இணைந்து வெளியிடுவதும் குற்றமாகாது, இனத்தை வைத்து யாரையும் குறிவைக்கக் கூடாது. நாக்ஸ்வில்லும் கேம்பிரிட்ஜும் கற்பித்த பாடம் அந்த வரிகளில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் தேசிய அறிவியல் அறக்கட்டளையை நடத்தியவர் நம்மூர்க்காரர். சென்னையில் பிறந்து விவேகானந்தா கல்லூரியில் இயற்பியல் படித்த சேதுராமன் பஞ்சநாதன், 2020 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரை அதன் இயக்குநர். எல்லாத் துறைகளுக்கும் பொதுவான படிவம் அவர் காலத்தில்தான் பழக்கத்துக்கு வந்தது. எது ஆபத்து, எது இல்லை என்று பல்கலைக்கழகங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள, 2024இல் 6.7 கோடி டாலர் செலவில் 'செக்யூர்' என்ற மையமும் அமைந்தது.

இன்றைய படிவத்தில் ஊதியமுள்ளது, ஊதியமில்லாதது, முழுநேரம், பகுதிநேரம், வருகைப் பேராசிரியர், கௌரவப் பதவி எல்லாவற்றையும் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து அனுப்பிய மாணவர் உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்தால் அதுவும் ஆதரவுதான். வெளிநாட்டு ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும் என்கிறது என்.ஐ.எச். இந்தியா அந்த நான்கு நாடுகளில் இல்லை. ஆனாலும் இந்திய அரசின் 'வஜ்ரா' திட்டத்தில் சென்னைக்கு வந்து சில மாதம் ஆய்வு செய்யும் அமெரிக்கத் தமிழ்ப் பேராசிரியரும் அந்த வரியை எழுதியே ஆக வேண்டும். எழுதினால் தவறில்லை, விட்டால்தான் சிக்கல்.

இது முன்பைவிட நல்ல நிலைமை என்று நான் நம்புகிறேன். கேள்வி தெளிவாக இருந்தால்தான் பொய்யனையும் மறந்தவனையும் பிரித்தறிய முடியும். ஆனால் படிவம் திருந்தியதாலேயே பயம் போய்விடாது. 2021–22 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சீன வம்சாவளி விஞ்ஞானிகள் 1,304 பேரிடம் நடந்த கணக்கெடுப்பில், 72 விழுக்காட்டினர் ஆய்வாளராகத் தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்றார்கள். 61 விழுக்காட்டினர் நாட்டை விட்டுப் போக நினைத்திருந்தார்கள். அறிவு கசிந்துவிடக் கூடாது என்று தொடங்கிய வேலை, அறிவாளிகளே வெளியேறும் நிலையில் வந்து நின்றது.

கடைசியாக ஒரு வழக்கு. 'சைனா இனிஷியேட்டிவ்' கைது செய்த முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர், கன்சாஸ் பல்கலைக்கழக வேதியியலாளர் ஃபிராங்ளின் தாவ். 2019 ஆகஸ்டில் கைது, 2022 ஏப்ரலில் ஜூரி குற்றவாளி என்றது, செப்டம்பரில் நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றை நீதிபதியே தள்ளினார். மிஞ்சியது ஒன்று: தன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் கேட்கும் படிவத்தில் சீனப் பணியை எழுதவில்லை. 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அந்தப் படிவத்தை வைத்து எந்த அரசுத் துறையும் நிதி பற்றி எந்த முடிவும் எடுக்கும் நிலையில் இல்லை என்றது. விடுபட்ட ஒரு வரிக்கு அவர் கொடுத்த விலை ஐந்து ஆண்டுகள்.

அடுத்த வாரம்: 1979 ஜனவரி 31 அன்று டெங் சியாவோபிங்கும் ஜிம்மி கார்ட்டரும் கையெழுத்திட்ட அறிவியல் ஒப்பந்தம், 2024 டிசம்பரில் எப்படிச் சுருங்கிப் புதுப்பிக்கப்பட்டது?

(தொடரும்)